எந்த லீவு எதனால்? தில்லியில் ஒரு நாலாம் வகுப்புக் காலநிலைப் பாடம்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு லிஸ்ட் எழுதினாள். தலைப்பு, 'சும்மா கிடைச்ச லீவு'. தீபாவளி, ஹோலி எல்லாம் அதில் சேராது. பள்ளியிலிருந்து திடீரென்று வாட்ஸப் செய்தி வந்து கிடைத்த லீவு மட்டும்தான் கணக்கு. இரண்டாம் வகுப்பு ஜூலையில் யமுனை பொங்கியபோது கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் புகை, ஜனவரியில் குளிர். மூன்றாம் வகுப்பு மே மாதம் வெயிலுக்காகக் கோடை விடுமுறையையே முன்னால் இழுத்தார்கள். மறுபடி நவம்பரில் புகை. அந்தத் தடவை ஆன்லைன் வகுப்பு நடந்ததால் அதை 'பாதி லீவு' என்று குறித்திருந்தாள்.

எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இது எல்லாமே கிளைமேட் சேஞ்ச்தானே? மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. "கொஞ்சம்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், தொடக்கப் பள்ளியில் காலநிலை அறிவியல் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு, எதில் என்று பிரித்துக் காட்டுவதுதான் பாடமே. தில்லிக் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. வருஷத்துக்கு நாலு தடவை வானமே வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போகிறது. நாலுக்கும் காரணம் வேறு வேறு. நாம் நாலையும் ஒரே சார்ட் பேப்பரில் ஒட்டி, நடுவில் அழுகிற பூமியை வரைந்து, 'சேவ் எர்த்' என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

குளிர் லீவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது தில்லியின் பழைய லீவு. இமயமலைப் பக்கமிருந்து வரும் காற்று, காலையில் மூடுபனி, மதியம்வரை எட்டிப் பார்க்காத சூரியன். பூமி சூடாவதால் குளிர்காலமே வராமல் போய்விடாது என்று சொல்லிக்கொடுக்க அது உதவும், அவ்வளவுதான்.

வெயில் லீவு அப்படியில்லை. இதற்கு எங்கள் சமையலறை மேல் அலமாரியில் இருக்கும் முறுக்கு டப்பாதான் கைகொடுத்தது. அவள் எம்பிக் குதித்தால் பத்துத் தடவையில் ஒரு தடவை டப்பாவில் கை படும். காலுக்கடியில் ஒரு மணைப் பலகையைப் போட்டோம். நாலு தடவை பட்டது. டப்பாவைத் தொட்டது மணையா, அவளா? குதித்தது அவள்தான், மணை கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. மே மாதத்தில் தில்லி கொதிப்பது புதிதில்லை. அது தில்லியின் சொந்தக் குதிப்பு. ஆனால் தொழிற்சாலைக் காலத்துக்கு முன் இருந்ததைவிட 2024-ல் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டது. அந்த ஒன்றரை டிகிரிதான் மணை. ஒன்றரை டிகிரி என்றால் ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டினால் போதுமே என்று தோன்றும். ஆனால் மணை போட்ட பிறகு முன்பு எட்டாத உயரமெல்லாம் அடிக்கடி எட்டிவிடுகிறது. 'இந்த வெயில் காலநிலை மாற்றத்தாலா?' என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் சொல்லும் பதிலும் ஏறக்குறைய இந்த மணைக் கணக்குதான்: எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கூடுதல்.

வெள்ள லீவு இன்னும் சிக்கலானது. 2023 ஜூலை 13 அன்று பழைய ரயில்வே பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சம் 1978-ல் பதிவான 207.49. எங்கள் மயூர் விஹார் பக்கத்தில் ஆற்றோரம் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் மாடு, கட்டில், கோழிக்கூண்டோடு மேலே ஏறிவந்து சாலையோரம் தங்கியதை அவள் பள்ளிப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறாள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு உண்டு. இது காலநிலைப் பங்கு. ஆனால் அந்த வெள்ளத்தில் மலையில் பெய்த அசுர மழை இருந்தது, மேலே ஹரியானாவில் உள்ள ஹத்னிகுண்ட் அணையிலிருந்து வந்த தண்ணீர் இருந்தது, ஆற்றின் மடியிலேயே கட்டிடம் கட்டிய நம் புத்திசாலித்தனம் இருந்தது, தில்லிக்குள்ளேயே உள்ள ஐ.டி.ஓ. தடுப்பணையில் மண் அடைத்துத் திறக்க முடியாமல் போன மதகுகள் இருந்தன. வெறுமனே 'கிளைமேட் சேஞ்ச்' என்று எழுதினால் அந்த மதகுகளை மறந்துவிடுவோம். அரசியல்வாதிகளுக்கு வேண்டுமானால் அது வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் அதைப் பழக்க வேண்டும்?

கடைசியில் புகை. தில்லியில் மிகப் பெரிய குழப்பம் இங்கேதான். பெரியவர்களிலேயே பாதிப் பேர் புகையும் காலநிலை மாற்றமும் ஒன்று என்று நினைக்கிறார்கள். காற்றுத் தரக் குறியீடு, அதாவது நாம் சொல்லும் ஏ.க்யூ.ஐ., 450-ஐத் தாண்டினால் மாசுக் கட்டுப்பாடுகளின் நாலாம் கட்டம், அதாவது மிகக் கடுமையான கட்டம். 2024 நவம்பரில் அப்படித்தான் வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. வண்டிப் புகை, அறுவடை முடிந்த வயலில் வைக்கும் தீ, கட்டுமானத் தூசு, குப்பை எரிப்பு, எல்லாம் சேர்கின்றன. குளிர்காலத்தில் தரையோரக் காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், பாத்திரத்துக்குத் தட்டு போட்டு மூடியதுபோல் புகை மேலே போக வழியில்லாமல் தங்கிவிடுகிறது. இந்தத் துகள்கள் சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம் காற்றில் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் மறுநாள் வானம் நீலம். கரியமில வாயு அப்படி மழையில் கழுவிப் போவதில்லை. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இன்று விட்டதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் கழித்தும் இருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை. காற்றில் மிதக்கும் சிலவகைத் துகள்கள், முக்கியமாகக் கந்தகம் சார்ந்தவை, வெயிலைத் திருப்பியனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கவே செய்கின்றன.

அப்படியானால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. நிலக்கரியும் டீசலும் எரியும்போது துகளும் பிறக்கிறது, கரியமில வாயுவும் பிறக்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், குணம்தான் வேறு. "அண்ணன் கண்ணுக்குத் தெரிவான், சீக்கிரம் போயிடுவான். தம்பி தெரிய மாட்டான், போகவே மாட்டான்" என்று அவள் அதை மாற்றிச் சொன்னபோது, நானே சொல்லியிருக்க வேண்டியது இதுதான் என்று தோன்றியது.

இந்தக் குழப்பத்தில் பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. மழை தூறினால் "இன்னைக்குக் கிளைமேட் சூப்பர்ல?" என்கிறோம். அங்கே சொல்ல வேண்டியது வானிலை. இன்றைய மழை வானிலை. முப்பது வருஷத்துச் சராசரி காலநிலை. வானிலைத் துறைகள் இப்போது இயல்பு அளவு என்று எடுத்துக்கொள்வது 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளை. இந்தியில் 'மௌசம்' என்றால் இன்றைய வானிலையும் அதுதான், பருவமும் அதுதான். காலநிலைக்கான 'ஜல்வாயு' என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு வெளியே அவள் காதில் விழுவதில்லை. தமிழிலோ காலநிலை, பருவநிலை, தட்பவெப்பம், சீதோஷ்ணம் என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம். மூன்று மொழிக்கு நடுவே வளரும் தில்லித் தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அத்தைதான் உதாரணம். அத்தை இன்றைக்குக் கோபமாக இருந்தால் அது வானிலை. அத்தை கோபக்காரி என்றால் அது காலநிலை. ஒருநாள் சிரித்துவிட்டதால் அத்தையின் சுபாவம் மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அத்தை இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

'பசுமை இல்ல வாயு' இன்னும் மோசம். என் மகள் அதைத் தமிழில் வாசித்தபோது 'பசுமை இல்லா வாயு' என்றே வாசித்தாள். மரம் வெட்டினால் வருகிற வாயு என்று அர்த்தமும் சொன்னாள். திருத்திய பிறகு, பசுமையான வீடு நல்லதுதானே, அதன் வாயு எப்படிக் கெட்டது என்று கேட்டாள். கண்ணாடி வீட்டில் செடி வளர்ப்பதை நம் ஊரில் எத்தனை குழந்தைகள் பார்த்திருக்கிறார்கள்? குளிர் நாட்டு உவமை அது. இங்கே ஜனவரியில் எல்லா வீட்டிலும் இருப்பது ரஜாய், பஞ்சு அடைத்த கனத்த போர்வை.

ஆகவே ரஜாயிலிருந்து தொடங்கினோம். மடித்து வைத்திருக்கும் ரஜாயைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். உள்ளே புகுந்து பத்து நிமிஷம் படுத்தால் கதகதப்பு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்கிட்ட இருந்துதான்" என்றாள். பூமியும் வெயிலில் வாங்கிய சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நீராவி, கரியமில வாயு போன்றவை அதைப் பிடித்து ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. இந்தப் போர்வையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும். போர்வை இருப்பதால் 15 டிகிரிப் பக்கம் நிற்கிறது. ஆக போர்வை கெட்டதே இல்லை. ஏப்ரலில் இரண்டு ரஜாய் போர்த்திக்கொள்வதுதான் தொந்தரவு. இந்த உவமையிலும் ஓட்டை உண்டு. ரஜாய் காற்று நகர்வதைத் தடுக்கிறது, வாயுவோ வெப்பக் கதிரைப் பிடிக்கிறது. எட்டாம் வகுப்பில் அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். நாலாம் வகுப்புக்கு ரஜாய் போதும்.

அளவுக்கு அரிசி. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பத்து லட்சம் என்பது குழந்தைக்கு வெறும் சத்தம். பத்தாயிரம் அரிசி என்றால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர். அதில் மூன்று மணியைச் சிவப்பு மையால் தொட்டுப் போட்டோம், அது பழைய காற்று. இன்னொன்றையும் போட்டோம், இப்போதைய காற்று. "ஒரே ஒரு அரிசியா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான், பெரியவர்களும் இங்கேதான் நம்ப மறுக்கிறார்கள். சாம்பாரில் பெருங்காயம் எவ்வளவு போடுகிறோம்? போட்டால் எதிர்வீடு வரைக்கும் தெரிகிறதே. டம்ளரில் மீதியிருக்கும் அரிசி, அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும், வெப்பக் கதிரைப் பிடிப்பதே இல்லை. வேலை செய்வது அந்தச் சில மணிகள்தான்.

இதை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1856-ல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, தெர்மாமீட்டரோடு வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடானது, ஆறவும் அதிக நேரம் எடுத்தது. மூன்று வருஷம் கழித்து ஜான் டிண்டால் இதை நுட்பமான கருவியால் அளந்தார். இதைப் பார்த்து யூட்யூபில் சோடா மாவும் வினிகரும் போட்டு பாட்டில் சோதனை செய்து காட்டுகிறார்கள். அதில் வெப்பம் ஏறுவதற்கு வேறு காரணங்களும் கலந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டில் செய்யவில்லை. தப்பான சோதனையில் சரியான விடை வருவது, விடையே வராமல் போவதைவிட மோசம்.

சரி, பள்ளியில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா? இருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்க 1991-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2003-ல் தேசியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யைப் பாடத்திட்டம் தயாரிக்கச் சொன்னது. மூன்று முதல் ஐந்து வரை ஈ.வி.எஸ். என்ற சூழ்நிலையியல் பாடம் நெடுங்காலமாக உண்டு. 2023-ன் புதிய தேசியக் கலைத்திட்டம் அதையே 'நம்மைச் சுற்றியுள்ள உலகம்' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கதையும் பெரிதாக வாழவில்லை. யுனெஸ்கோ 2021-ல் நூறு நாடுகளின் கலைத்திட்டங்களைப் பார்த்தபோது 47 சதவீதத்தில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை. இத்தாலி 2019-ல் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயம் என்று அறிவித்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2022 முதல் மழலை வகுப்பிலிருந்தே பல பாடங்களிலும் கலந்து சொல்லித்தருகிறது.

நம் பள்ளிகளில் இடிப்பது வேறு இடத்தில். எங்கள் மாடிக்கு மேல் குடியிருக்கும் அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இதை அளந்தபோது சிரித்தார். "தம்பி, நாப்பத்தஞ்சு பிள்ளைங்க, முப்பத்தஞ்சு நிமிஷம். கையில தெர்மாமீட்டர் கிடையாது. ஆனா மரம் நட்ட போட்டோ மட்டும் சாயங்காலத்துக்குள்ள குரூப்ல ஏத்தணும்" என்றார். பிறகு நான் பேசவில்லை. பிராஜெக்ட் கதையும் அப்படித்தான். ராத்திரி எட்டரை மணிக்கு, 'பூமியைக் காப்போம் மாடல் நாளைக்குள்' என்று செய்தி வந்தது. ஸ்டேஷனரி கடைக்கு ஓடினால் அங்கே என்னைப்போல் ஆறு அப்பாக்கள். எல்லார் கையிலும் தெர்மாகோல் உருண்டை. மட்கவே மட்காத பூமி.

இதற்கெல்லாம் புதுப் பாடப்புத்தகம் தேவையில்லை, தெர்மாமீட்டர்தான் வேண்டும். பள்ளிக்கு இரண்டு, ஒரு நோட்டு, தினமும் ஒரே நேரத்தில் ஒரு பதிவு. சாந்தினி சௌக்கில் லேப் சாமான் கடையில் சிவப்புத் திரவம் உள்ளதாக இரண்டு வாங்கினோம். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மூன்று மணிக்கு வெயில் விழும் பால்கனியில் 46, கீழே வேப்பமரத்து நிழலில் 39, போனில் 40. எது உண்மை? மூன்றும் உண்மைதான், மூன்றும் அளப்பது வேறு வேறு. வெயிலில் வைத்த தெர்மாமீட்டர் காற்றைவிடத் தன்னைத்தானே அதிகம் அளந்துகொள்கிறது. அதனால்தான் வானிலை நிலையத்தில் காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து உயரத்தில், நிழலில் வைக்கிறார்கள். இது புரிந்துவிட்டால் டிவியில் வரும் எண்ணை அப்படியே விழுங்க மாட்டார்கள்.

விழுங்கக் கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தில் 52.9 டிகிரி. நாடு முழுக்கச் செய்தி. வானிலைத் துறை நம்பாமல் ஆளனுப்பிச் சோதித்தது. கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியிருந்தது. 'பார்த்தீர்களா, எல்லாம் பொய்' என்று சிலர் கிளம்பினார்கள். ஆனால் அதே நாளில், ஒழுங்காக இயங்கிய சஃப்தர்ஜங் நிலையத்தில் 46.8, அங்கே 79 வருஷத்தில் அதுவே அதிகம். கருவியும் தப்பு, வெயிலும் நிஜம். அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்தக் குழுவும் உட்கார்ந்து எழுதிவிட முடியாது. 1875-ல் தொடங்கிய அந்தத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் லோதி சாலையில் இருக்கிறது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியும் அந்த வட்டாரம்தான். தில்லிப் பிள்ளைகள் எல்லாரும் மிருகக்காட்சி சாலைக்கும் ரயில் மியூசியத்துக்கும் போகிறார்கள். அந்த வெள்ளைப் பெட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பயமுறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் பத்தாயிரம் இளைஞர்களைக் கேட்டது. 59 சதவீதம் பேர் காலநிலை குறித்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அவர்கள் 16 முதல் 25 வயதுக்காரர்கள். எட்டு வயதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கவலை எங்கோ தொடங்கியிருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றும். உருகும் பனியில் தவிக்கும் கரடி தில்லிப் பிள்ளையால் எதுவும் செய்ய முடியாத இடத்தில் இருக்கிறது. வெயில் பால்கனியைவிட வேப்பமர நிழலில் தெர்மாமீட்டர் ஏழு டிகிரி குறைவாகக் காட்டியது என்பது அந்தப் பிள்ளை கைதொட்டு அளந்த உண்மை.

அதற்காக எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடவும் முடியாது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. வடிகால் அடைத்து மழைநீர் தேங்குகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சுமார் 370 வீடுகள்; 189 குடும்பங்களுக்குத்தான் தில்லியின் வடகோடி நரேலாவில் வீடு என்றார்கள். அங்கிருந்து பழைய பள்ளிக்கு வர அரை நாள் பயணத்திலேயே போகும். 'பெருமழைக்கு நகரத்தைத் தயார்செய்தல்' என்று ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர், அந்த வகுப்பில் கேம்ப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வார்? மேலிருக்கும் அக்காவிடம் இதையும் கேட்டேன். "அந்தப் பிள்ளையைப் பேசச் சொல்லுவேன். நான் உட்கார்ந்துப்பேன்" என்றார்.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. காலண்டர் அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. லிஸ்ட்டில் 'எதனால்' என்று புதுசாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறாள். புகை இரண்டுக்கும் நேரே 'அண்ணன்'. மே வெயிலுக்கு 'தில்லி + மணை'. யமுனைக்கு நேரே இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதியிருக்கிறாள்: 'மலை மழை, ஆத்துல வீடு, கேட் திறக்கல, கொஞ்சம் மணை'. ஜனவரி லீவுக்கு நேரே மட்டும் ஒரு ஸ்மைலி போட்டு, 'சும்மா குளிர்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.